ஏர்வாடிக்கு வந்து சேராத மாத்திரை

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் ஏர்வாடியில், விடிகிற நேரத்தில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களால் எல்லாச் சங்கிலிகளையும் அவிழ்க்க முடியவில்லை. அங்கேயே 25 பேர் கருகிப் போனார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்தால் மொத்தம் 28 பேர்.

அப்போது செய்தித்தாள்களில் அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. கொட்டகை இல்லை, கூரை இல்லை, சாம்பலுக்கு நடுவே சங்கிலி மட்டும் கிடந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அதே 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 உலக சுகாதார தினத்துக்கு உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட தலைப்பே மனநலம்தான். ஒதுக்குவதை நிறுத்துங்கள், அக்கறை காட்டத் துணியுங்கள் என்பது அந்த ஆண்டின் முழக்கம். நான்கே மாதத்தில் ஏர்வாடி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மனச்சிதைவு நோய்க்கு முதல் மாத்திரை பயன்பாட்டுக்கு வந்தது 1952-இல். ஏர்வாடித் தீ 2001-இல். இடையில் 49 வருடம். அரை நூற்றாண்டு கையில் மருந்து இருந்தும் ஏன் சங்கிலி தேவைப்பட்டது? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

முதலில் ஒரு விளக்கம். மனநோய் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே ஒரு படம்தான் மனதில் வரும். கிழிந்த சட்டை, தலைவிரி கோலம், தனியே பேச்சு. சினிமா செய்த புண்ணியம்! உண்மையில் அதிகம் பேருக்கு வருவது மனச்சோர்வும் பதற்ற நோயும்தான். மனச்சோர்வு என்றால் வெறும் கவலை இல்லை. வாரக்கணக்கில் எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் உள்ளே உட்கார்ந்துகொள்வது. பதற்ற நோயில் காரணம் இல்லாமலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை வியர்க்கும். இதய நோய் என்று பயந்து ஈசிஜி எடுத்துப் பார்த்து, 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். இவர்கள் வேலைக்குப் போவார்கள், கல்யாண வீட்டில் சிரிப்பார்கள். அதனால் யாருக்கும் தெரியாது.

தீவிரமானவை வேறு. இருதுருவ நோயில் சில மாதம் எல்லையில்லாத உற்சாகம், தூக்கமே தேவைப்படாத வேகம், கையிலிருக்கும் பணத்தை வாரி இறைப்பது. பிறகு சில மாதம் படுகுழி. மனச்சிதைவில் இல்லாத குரல் காதில் கேட்கும், யாரோ தன்னைக் கொல்லச் சதி செய்வதாக அசைக்க முடியாத நம்பிக்கை வரும். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இந்த நோய் வருகிறது. ஆனால் சங்கிலி வந்து விழுவது பெரும்பாலும் இவர்கள் காலில்தான்.

சங்கிலி ஏதோ நம் ஊர் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். லண்டனில் பெத்லம் என்று ஒரு மருத்துவமனை, 1247-இல் மடமாகத் தொடங்கப்பட்டது. பின்னாளில் அங்கே மனநோயாளிகளை அடைத்து வைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன்வாசிகள் பொழுதுபோக்குக்காக அங்கே போய் அவர்களை வேடிக்கை பார்ப்பது வழக்கம், மிருகக்காட்சி சாலைக்குப் போவது போல. ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கு 'பெட்லம்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் இந்த மருத்துவமனையின் பெயரிலிருந்து வந்ததுதான்.

பாரிஸில் பிசெத்ர் மருத்துவமனையில் 1797-இல் நோயாளிகளின் சங்கிலிகள் கழற்றப்பட்டன. இந்தப் பெருமையைப் பாடப் புத்தகங்கள் ஃபிலிப் பினெல் என்ற மருத்துவருக்குக் கொடுக்கின்றன. உண்மையில் கழற்றியவர் ழான்-பாப்டிஸ்ட் புஸ்ஸான். அவர் மருத்துவரே அல்ல. அதே மருத்துவமனையில் நோயாளியாக வந்து குணமாகி, அங்கேயே மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர்ந்தவர். அவரைப் பார்த்துத்தான் பினெல் சில ஆண்டுகள் கழித்து சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பெண்களின் சங்கிலிகளைக் கழற்ற வைத்தார். அடிக்காமல், கட்டாமல், மரியாதையாகப் பேசினாலே பலர் அமைதியாகிவிடுகிறார்கள் என்பது அன்று பெரிய கண்டுபிடிப்பு.

சென்னையின் கதையும் கிட்டத்தட்ட இதே காலத்தில் ஆரம்பிக்கிறது. 1794-இல் வாலன்டைன் கானலி என்ற கும்பெனி அறுவை மருத்துவர் இங்கே ஒரு மனநோயாளிகள் விடுதியைத் தொடங்கினார். அதை லாபம் தரும் தொழிலாகத்தான் நடத்தினார். பிறகு 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் மனநல மருத்துவ நிலையம். 'இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்' என்ற கேலி தமிழ்நாடு முழுக்கப் பரவியது இதனால்தான். ஒரு நல்ல குடியிருப்புப் பகுதியின் பெயரே வசைச்சொல் ஆகிப்போனது பாவம்.

சட்டமும் அதற்கேற்றபடிதான் இருந்தது. 1858 சட்டம், அதற்குப் பிறகு 1912-இன் இந்தியப் பித்தர் சட்டம் இரண்டின் கவலையும் நோயாளியைப் பற்றியது அல்ல, நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவது பற்றியது. பெரும்பாலோரை உள்ளே சேர்க்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். போலீஸ் அழைத்து வரலாம். காய்ச்சல் வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்றால் யார் போவார்கள்? மானத்துக்குப் பயந்த குடும்பங்கள் பின்கட்டு அறையில் பூட்டி வைத்தார்கள். இல்லாவிட்டால் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப் போனார்கள். இந்த 1912 சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 1987-இல் புதிய சட்டம் எழுதப்பட்டு, அது நடைமுறைக்கு வந்தது 1993-இல்! 80 வருடத்துக்கும் மேல் ஓடிய சட்டம்.

சரி, உள்ளே போனவர்களுக்கு என்ன சிகிச்சை கிடைத்தது? இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகம் முழுவதும் மருத்துவர்கள் எதையாவது செய்து பார்க்கத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பிய மனநோய் மருத்துவமனைகளில் ஏராளமானோர் ஒருவகை முற்றிய பைத்தியமும் பக்கவாதமும் கலந்த நோயால் இறந்துகொண்டிருந்தார்கள். 1913-இல் நோகுச்சி, மூர் இருவரும் அவர்களின் மூளையில் மேகநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பேயும் இல்லை, பாவமும் இல்லை, ஒரு கிருமி! வியன்னாவில் வாக்னர்-யாவ்ரெக் என்ற மருத்துவர் 1917-இல் இந்த நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றினார். கடும் காய்ச்சலில் நோயின் வேகம் குறைந்தது. பிறகு கொய்னா கொடுத்து மலேரியாவை நிறுத்தினார். இதற்கு 1927-இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் பென்சிலின் வந்து இந்த நோயையே அரிதாக்கிவிட்டது.

அதனால் எல்லா மனநோய்க்கும் மூளையில் ஏதோ ஒரு பழுது இருக்கும், அதைச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்தது. நம்பிக்கை நல்லதுதான், அவசரம்தான் கெட்டது. 1935-இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் மண்டையில் துளையிட்டு மூளையின் முன்பகுதி நரம்பு இணைப்புகளைச் சிதைக்கும் அறுவையைத் தொடங்கினார். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் அதைப் பரப்பினார். 1946-இலிருந்து அவர் கண்குழி வழியாகக் கூரான கம்பியைச் செலுத்தி, சில நிமிடங்களில் வேலையை முடிக்கும் முறைக்கு மாறினார். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941-இல், 23 வயதில், இந்த அறுவை செய்யப்பட்டது. அதன்பின் சரியாக நடக்கவும் பேசவும் முடியாதவராகி, 2005-இல் இறக்கும்வரை மற்றவர் கவனிப்பிலேயே வாழ்ந்தார். மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நோபல் குழுவும் தவறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

'ஷாக்' வைத்தியம் இந்தக் கும்பலில் பிறந்ததுதான். 1938-இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கினார்கள். ஆனால் அறுவை ஒழிந்தது, இது நிலைத்தது. காரணம், இது கடுமையான மனச்சோர்வுக்கு உண்மையிலேயே வேலை செய்கிறது. தமிழ்ப் படங்களில் வில்லன் கதாநாயகனைப் பிடித்துவந்து கட்டிவைத்து, அவன் அலற அலற மின்சாரம் பாய்ச்சும் காட்சிக்கும் இப்போது மருத்துவமனையில் நடப்பதற்கும் சம்பந்தம் கிடையாது. மயக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து இரண்டும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். மயக்க மருந்தில்லாமல் செய்வதை இந்தியச் சட்டமே இப்போது தடை செய்கிறது. சிலருக்கு அந்த நாட்களின் ஞாபகம் மங்குவது உண்மை.

மாத்திரைகள் வந்த கதைதான் இதில் சுவாரஸ்யமானது. ஏறக்குறைய எல்லாமே வேறு எதையோ தேடப்போய்க் கிடைத்தவை.

முதல் நூல் நம் நாட்டில்தான் இருக்கிறது. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரைப் பீகார் பக்கத்தில் 'பாகல் கி தவா', அதாவது பைத்திய மருந்து என்றே அழைத்தார்கள். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் ரத்தக் கொதிப்பையும் மூர்க்கமான மனநோயையும் தணிக்கிறது என்று இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். உலகம் கவனிக்கவில்லை. 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல், ரத்தக் கொதிப்புக்கு இது தரும் பலனைப் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகுதான் கவனித்தார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 1954-இல் நியூயார்க்கின் நேதன் க்ளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதை எழுதினார். சென்னும் போஸும் எழுதி 23 வருடம் கழித்து!

ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரின் கைதியாக இருந்தவர். போருக்குப் பிறகு மெல்போர்னில் ஒரு மருத்துவமனையில், நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கிறது என்று நம்பி அதைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அந்தச் சோதனைக்காக லித்தியம் உப்பைச் சேர்த்தபோது பன்றிகள் சாதுவாகிவிட்டன. அவர் நம்பிய நச்சு கடைசிவரை கிடைக்கவில்லை, லித்தியம்தான் கிடைத்தது. முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு ஐந்து வருடமாக ஓயாத வெறியில் இருந்த 51 வயது ஆள் ஒருவருக்கு 1948-இல் கொடுத்தார். சில மாதத்தில் அந்த மனிதர் வீட்டுக்குப் போனார், பழைய வேலையில் சேர்ந்தார். பின் 'சரியாகிவிட்டதே' என்று மாத்திரையை நிறுத்தினார். நோய் திரும்பியது. மறுபடி லித்தியம், இந்த முறை அளவு உடம்புக்குத் தாங்கவில்லை. 1950-இல் லித்தியம் நச்சினால் இறந்தார். இருதுருவ நோய்க்கு இன்றும் லித்தியம் முக்கியமான மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதித்துக்கொண்டே கொடுக்கிறார்கள். அந்த முதல் நோயாளியின் வாழ்க்கையில் இந்த மருந்தின் நல்லது, கெட்டது இரண்டும் இருக்கின்றன. நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறது.

அடுத்தது பிரான்ஸ். 1950 டிசம்பரில் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் குளோர்புரோமசின் தயாரானது. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்த அதைப் பயன்படுத்திய ஆன்றி லபோரி என்ற ராணுவ அறுவை மருத்துவர், மனநோயாளிகளுக்கும் கொடுத்துப் பாருங்கள் என்றார். 1952-இல் பாரிஸ் சேன்ட்-ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் இருவரும் கொடுத்தார்கள். வார்டே அமைதியானது. வருடக்கணக்கில் பேசாதவர்கள் பேசினார்கள். அதே 1952-இல் நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, சாகக் கிடந்தவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். மனச்சோர்வு மாத்திரைகளின் பரம்பரை அங்கே தொடங்கியது.

மருந்து முதலில் வந்தது, காரணம் பிறகு தேடப்பட்டது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் இன்றைய பல குழப்பங்கள் புரியும். ரெசர்பின் சிலருக்குச் சோர்வைத் தந்தது, அது மூளையில் சில ரசாயனங்களைக் குறைத்தது. அப்படியானால் மனச்சோர்வு என்பது அந்த ரசாயனக் குறைவுதான் என்று ஒரு கொள்கை உருவானது. செரோட்டோனின் குறைவு என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அதன் வேர் இதுதான். 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, அப்படி ஒரு எளிய குறைவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. மாத்திரை பயனற்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆஸ்பிரின் தலைவலியைப் போக்குகிறது என்பதால் தலைவலி ஆஸ்பிரின் குறைவால் வருகிறது என்று ஆகாது, அவ்வளவுதான்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட ஜோடிகளில் மற்றவருக்கு வருவதில்லை. ஆக மரபணு மட்டும் போதாது. சிறுவயதுக் கொடுமை, கஞ்சா, வறுமை, பிரசவம், தனிமை, கடன் என்று எத்தனையோ சேர்கின்றன. 1940களில் தாயின் வளர்ப்பே மனச்சிதைவுக்குக் காரணம் என்று சில அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். எத்தனை தாய்மார்களை அது அழ வைத்ததோ! பேய் என்று சொன்ன பூசாரிகூட அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை.

இந்தியாவுக்குத் திரும்புவோம். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் இடமில்லாதபோது டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரையே அழைத்து வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். குணம் வேகமாகத் தெரிந்தது. திரும்பிப் போனபோது குடும்பத்துக்கு நோயைப் பற்றித் தெரிந்திருந்தது. வேலூர் சி.எம்.சி.யிலும் 1957 முதல் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறை வந்தது. மேலைநாடுகள் நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

கீழ்ப்பாக்கத்தில் 1959-இல் எம். சாரதா மேனன் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978-இல் ஓய்வு பெறும்வரை கண்காணிப்பாளராக இருந்தார். வெளிநோயாளிகள் பிரிவு, கைத்தொழில் பயிற்சி என்று அந்த இடத்தின் முகத்தையே மாற்றியவர். குணமானவர்களையும் வீட்டார் திரும்ப அழைத்துக்கொள்ளாததைப் பார்த்துப் பார்த்து, 1984-இல் மனச்சிதைவுக்கென்றே ஸ்கார்ஃப் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 1992-இல் பத்ம பூஷண் பெற்றார். 2021-இல், 98 வயதில் காலமானார்.

இவ்வளவும் இருந்தும் ஏர்வாடி எப்படி நடந்தது?

ஏர்வாடியிலிருந்து கீழ்ப்பாக்கம் 500 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்துப் பெரிய ஊர் மதுரை. மாத்திரையோ ஒருநாள் சமாச்சாரம் அல்ல, மாதாமாதம் வாங்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்டவே இரண்டு மூன்று வாரம் ஆகும், மனச்சிதைவுக்கு வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். உடம்பு நடுங்கும், வாய் கோணும், எடை ஏறும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல உள்ளூரில் ஆள் இல்லை. 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்குத்தான் வந்தது.

தர்காவிலோ செலவு குறைவு. தீர்த்தமும் விளக்கெண்ணெயும் உண்டு. கனவில் உத்தரவு வந்தால் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையும் உண்டு. பைத்தியம் என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், எல்லா மதத்தாரும் வருவார்கள். கூட்டம் சேரச் சேர, சுற்றிலும் பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளைப் 'பார்த்துக்கொள்ளும்' கொட்டகைகள் முளைத்தன. மருத்துவர் இல்லை, உரிமம் இல்லை. ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலி இருந்தது. அந்தத் தொழிலையும் தர்காவின் நம்பிக்கையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. 2002-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் சில வாரம் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றியது. அங்கே மருந்தும் இல்லை, கட்டிப்போடுவதும் இல்லை, வீட்டார் கூடவே இருந்தார்கள். நோய்க்குறிகள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆனால் புஸ்ஸானும் வித்யா சாகரும் பார்த்ததும் இதைப் போன்றதுதான்.

தீ நடந்த ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13-இல், ஏர்வாடியின் அத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, எல்லா மாநிலங்களிலும் மனநல வசதிகளைக் கணக்கெடுக்கச் சொன்னது. அந்த வழக்கின் தலைப்பிலேயே 'சங்கிலியிடப்பட்ட 25 பேர்' என்று இருக்கிறது. காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007-இல் ஏழாண்டு சிறை விதிக்கப்பட்டது. பிற்பாடு ஏர்வாடி தர்காவிலேயே 'தவா-துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. நாற்பது வருடம் முன்பே செய்திருக்கக்கூடிய காரியம்.

2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவதொரு மனநலக் கோளாறு இருப்பது தெரிந்தது. நோய்க்கு ஏற்ப, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையே பெறவில்லை. ஆய்வு நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2017-இல் நாடாளுமன்றம் புதிய மனநலச் சட்டத்தை நிறைவேற்றியது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன உளைச்சலில் இருப்பவராகவே கருத வேண்டும் என்கிறது அது. மனநோயாளியை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று அதன் 95-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறார்கள். பிசெத்ரில் புஸ்ஸான் சங்கிலியைக் கழற்றி அப்போது 220 வருடம் ஆகியிருந்தது.